கோச் இல்லாத ஊரிலிருந்து கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ்

கொங்குப் பக்கத்துப் பையன்கள் பலருக்கு முதல் பல்டி கிணற்றுமேட்டில்தான். எனக்கும் அப்படித்தான். கோபிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், ஏழாவது படிக்கும்போதே மோட்டார் ரூம் திட்டிலிருந்து அந்தர்பல்டி அடித்துக் குதிப்பேன். கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்த ஒரே தகுதியை நம்பி உடற்கல்வி இயக்குநர் அறைக்குப் போய் நின்றேன்.

“எங்க கத்துக்கிட்ட?”

“எங்கயும் இல்லீங் சார்.”

“அப்புறம் எப்படிடா பேர் குடுக்கறது?”

“பல்டி அடிப்பேனுங் சார்.”

அவர் சிரிக்கவில்லை. வெளியே கூட்டிப்போய்ப் புல்தரையில் ஒரு ஃபார்வர்ட் ரோல் போடச் சொன்னார். போட்டேன். எழும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றித்தான் எழுந்தேன். “கைய ஊனாம எந்திரிச்சுட்டு வா, பேசலாம்” என்று அனுப்பிவிட்டார். அதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஜிம்னாஸ்டிக்ஸ் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்றாடம் வந்து சொல்லித்தர கோச் கிடையாது, முழு ஹால் கிடையாது, வயது பதினெட்டு ஆகிவிட்டது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. ஒலிம்பிக் பேச்சை ஓரமாக வைத்துவிடலாம். ஒலிம்பிக் வரை போன நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கியவர். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறங்கி, முடிந்தால் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பது நடக்கக்கூடிய காரியம். அதற்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மதிப்பெண் கணக்கு

ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு மதிப்பெண்களைக் கூட்டிப் போடுகிறார்கள். ஒன்று நீங்கள் செய்யும் வித்தைகளின் கடினத்துக்கு. இன்னொன்று செய்த நேர்த்திக்கு. இது 10-இலிருந்து தொடங்கி, தப்புக்குத் தப்பு குறைந்துகொண்டே வரும். சின்னத் தப்புக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரியதுக்கு 0.5, விழுந்தால் 1.0.

தரைப் பயிற்சியில் சாதாரணப் பின்பல்டி ‘ஏ’ வகை வித்தை. அதன் மதிப்பு 0.1. அதைப் போட்டு விழுந்தால் கழிவது 1.0. காலில் இறங்காமல் கையிலோ முட்டியிலோ விழுந்தால் அந்த 0.1-ம் கணக்கில் வராது. பத்து பைசா லாபத்துக்கு ஒரு ரூபாய் பணயம் வைக்கிற வியாபாரம் இது. திருப்பூரில் எந்தக் கம்பெனிக்காரரும் இந்த ஆர்டரை எடுக்கமாட்டார்.

ஆனால் புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பல்டியைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். நானும் முதல் வருஷம் பூராவும் அதைத்தான் செய்தேன். கோச் குறைவாக இருக்கிற இடத்தில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. சின்ன ரொட்டீன், அதாவது வித்தைகளைக் கோத்துச் செய்யும் தொகுப்பு. முட்டி மடங்காமல், பாதம் நீட்டி, இறங்கும்போது ஒரு அடிகூட நகராமல் செய்யும் ரொட்டீன். அதற்குக் கோச்சைவிடக் கண்ணாடியும் செல்போனும் பொறுமையும்தான் அதிகம் வேண்டும்.

இன்னொன்று, யூடியூபில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் 10-க்கு 10 வாங்குவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே கல்லூரிப் போட்டிக்கு வேறு மதிப்பெண் முறை. நமக்குப் பொருந்துவது சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் விதிப்புத்தகம். அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. முழுதும் படிக்க வேண்டாம். நீங்கள் இறங்கப்போகும் பகுதியில் ‘ஏ’ என்று போட்டிருக்கும் படங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

எதில் இறங்குவது

ஆண்களுக்கு ஆறு: தரை, பொம்மல் ஹார்ஸ் (கைப்பிடி வைத்த குதிரை), ரோமன் ரிங், வால்ட் (ஓடிவந்து கையூன்றித் தாண்டுவது), டபுள் பார், சிங்கிள் பார். பெண்களுக்கு நான்கு: வால்ட், ஏற்ற இறக்கமான இரட்டைக் கம்பி, பீம் (மேலே நின்று செய்யும் ஒடுங்கிய கட்டை), தரை. எல்லாவற்றையும் தொட ஆசை வரும். வேண்டாம். உங்கள் ஊரில் எதன் பாதியையாவது உருவாக்க முடியுமோ அதை எடுங்கள்.

பையன்களுக்கு என் யோசனை தரையும் டபுள் பாரும். தரைக்குத் தரை போதும். டபுள் பாரின் அஸ்திவாரத்தைத் தரையில் வைக்கும் குட்டிக் கம்பிகளிலேயே முக்கால்வாசி கற்கலாம். பெண்களுக்குத் தரையும் பீமும். பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். சுண்ணாம்புக் கோடு போட்டால் அதுவே முதல் மாதத்துப் பீம். அப்புறம் ஆசாரியிடம் சொல்லி அதே அகலத்தில் ஒரு சட்டத்தை அரையடி உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். போட்டியில் அது 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்து பயம் தனி, அதை ஹாலுக்குப் போகும் நாளில்தான் தீர்க்க முடியும். ஒன்றிரண்டு பிரிவில் மட்டும் இறங்க அந்த வருஷத்து விதியில் இடம் இருக்கிறதா என்று சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லி நீங்களே படித்துவிடுங்கள்.

ஆள் தேடுதல்

கோச் இல்லை என்று சொல்கிறோமே தவிர, தேடினால் கால் கோச், அரை கோச் கிடைப்பார்கள். உடற்கல்விப் பட்டப்படிப்பில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒரு பாடம். ஆக உடற்கல்விக் கல்லூரி இருக்கிற இடத்தில் பாய், ஹார்ஸ், பார், சொல்லித்தரத் தெரிந்த ஒருவர் எல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம். கோவையில் பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலய வளாகத்தில் அப்படியொரு கல்லூரி இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலர் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. கோவையில் நேரு ஸ்டேடியம், ஈரோட்டில் வ.உ.சி. மைதானம், சேலத்தில் காந்தி ஸ்டேடியம் என்று நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் “இல்லீங்க” என்ற பதில்தான் வரும். நேரில் போய் நின்றால் “ஒருத்தர் இருக்கிறாரு, பாருங்க” என்று ஒரு நம்பர் கிடைக்கும்.

சிலம்ப ஆசான்களையும் விட்டுவிடாதீர்கள். கரணம் போடத் தெரிந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். தாங்கிப் பிடிக்கவும் தெரியும். ஆனால் பாதம் நீட்டு, முட்டி ஒட்டு என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் கிடையாது, அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாமான் செய்துகொள்வது

இந்த விஷயத்தில் நம் சீமையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தீபா கர்மாகரே அகர்தலாவில் பழைய ஸ்கூட்டர் சாமான்களை வைத்துச் செய்த குதிபலகையில் பழகியவர்தான் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அங்கிருந்து போய் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் நான்காம் இடம். நமக்குப் பக்கத்திலேயே வெல்டிங் பட்டறையும் பஞ்சும் நாரும் இருக்கின்றன.

குட்டிக் கம்பி: ஒன்றரை அங்குலப் பைப், இரண்டடி நீளம், ஒரு அடி உயரம், அடியில் அகலமான கால். எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை நாளில் செய்து தருவார்கள். பைப் முனையை மூடச் சொல்லுங்கள், காலுக்கு ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். வெல்டு வைத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் அங்கேயே கிரைண்டிங் பிடிக்க வைத்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இறங்கும் மெத்தை: இதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் ஆறுக்கு நாலடி, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு உறை தைத்தோம். திருப்பூரில் ஒரு யூனிட்டிலிருந்து பனியன் கட்டிங் வேஸ்ட் நாலு மூட்டை வாங்கி உள்ளே அடைத்தோம். முதல் வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம் துணி அமுங்கி அமுங்கிப் பாறை மாதிரி ஆகிவிட்டது. நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு. குதித்தால் கணுக்கால் ஒரு பக்கமாகப் போகிறது. பிரித்து, பாதித் துணியை எடுத்துவிட்டு, சோபா கடையில் கழித்துப்போட்ட ஃபோம் துண்டுகளைக் கையளவாகக் கிழித்து நடுவில் போட்டு, துணியைச் சுற்றிலும் மட்டும் வைத்தோம். அது தாங்கியது. ஆனாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கி உதறி, திருப்பிப் போட வேண்டும். மழையில் நனைய விட்டால் முடிந்தது கதை. உள்ளே காயவே காயாது, வாசனை வீட்டுக்குள் சேர்க்க விடாது. காலில் இறங்கிப் பழகத்தான் இந்த மெத்தை. தலைகீழாகப் போகிற எதையும் இதை நம்பிச் செய்யாதீர்கள்.

உருளப் பழக நார் மெத்தைக்கு மேல் பவானி ஜமுக்காளத்தை விரித்தால் போதும். புல்தரையில் விரியுங்கள். மொசைக் தரையில் போட்டால் ஜமுக்காளம் உங்களோடு சேர்ந்து பயணம் வரும். குதித்து இறங்கிப் பழக மைதானத்தின் லாங் ஜம்ப் பிட் உண்டு. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டு, கண்ணாடிச் சில்லு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கவும். கையில் பூசும் பவுடர் மெக்னீசியம் கார்பனேட். லேப் கெமிக்கல் விற்கும் கடையில் கேளுங்கள். கரும்பலகைச் சாக்பீஸை நுணுக்கிப் பூசினால் பிடிமானம் வராது.

ஹேண்ட்ஸ்டேண்ட்

கையூன்றித் தலைகீழாக நிற்பது. முதல் மூன்று மாதத்துக்கு இது ஒன்றுதான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை, பார், ரிங், வால்ட், பீம் எல்லாவற்றிலும் வரும் ஒரே நிலை இது.

சுவரில் முதுகைக் காட்டிக் காலை உதறி ஏறுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிப் பழகினால் இடுப்பு உள்வாங்கி உடம்பு வில் மாதிரி வளையும், அந்த வளைவை அப்புறம் எடுக்கவே முடியாது. சுவரை வயிறு பார்க்கும்படி ஏறுங்கள். குப்புறப் படுத்து, காலைச் சுவரில் வைத்து, கையால் பின்னோக்கி நடந்து நடந்து மேலே போக வேண்டும். உள்ளங்கை சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். காதை ஒட்டித் தோள், தரையைத் தள்ளு தள்ளு என்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கும் கால்விரலும் மட்டும் சுவரைத் தொடலாம். முதல் நாள் பத்து விநாடிக்கே கண் இருட்டும். அறுபது விநாடி நிற்க முடிகிற வரைக்கும் சுவரை விட்டு வராதீர்கள்.

கூடவே இறங்கும் வழியும் தெரிய வேண்டும். நிலை தவறினால் ஒரு கையைத் தூக்கி முன்னால் வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காலில் இறங்குவது. இதைத் தனியாக இருபது தடவை பழகியவர்தான் சுவரில்லாமல் நிற்கலாம்.

இதோடு சேர்ந்து தினமும் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தரையில் அழுத்தி, கையும் காலும் சற்றே தூக்கி முப்பது விநாடி. டபுள் பாரில் பத்து டிப்ஸ். சிங்கிள் பாரில் ஆட்டமில்லாமல் ஐந்து புல் அப்ஸ். குட்டிக் கம்பியில் காலை நீட்டி எல் சிட் பத்து விநாடி. இந்த நான்கும் வந்த பிறகே கார்ட்வீல் (பக்கவாட்டில் சக்கரம் போல் சுற்றுவது), அதன்பின் ரவுண்ட் ஆஃப் (அதே சுற்றில் திரும்பி இரண்டு காலையும் சேர்த்து இறங்குவது), ஹேண்ட்ஸ்டேண்டிலிருந்து உருண்டு எழுவது என்று போகலாம். பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கும் (பின்னால் பாய்ந்து கையூன்றிக் காலில் இறங்குவது) பல்டியும் சப்போர்ட் பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும் நாளில் மட்டும்.

கிணற்றில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றில் தலை எங்கே, கால் எங்கே என்பது உங்களுக்குத் தெரியும். அது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் தலையை வீசித்தான் சுழற்றியிருப்பீர்கள், பாதி சுற்றில் விட்டுவிட்டாலும் தண்ணீர் ஏந்திக்கொண்டிருக்கும். தரையில் அந்தப் பழக்கம் ஆளை முடித்துவிடும். இரண்டாம் வருஷம் விடுதிப் புல்தரையில் யாரும் பிடிக்காமல் ரவுண்ட் ஆஃப் போட்டுப் பின்பல்டிக்குப் போனேன். சுற்று முடியவில்லை. கையை ஊன்றினேன். வீக்கம் பெரிதாக இல்லை, முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டுக் குழியை அழுத்தினால் மட்டும் உயிர் போகும். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் ஸ்கஃபாய்ட் எலும்பில் கீறல். அது மெதுவாகக் கூடுகிற எலும்பு. அந்த வருஷத்துப் போட்டி போயிற்று. “குட்டிக்கரணம் போட்டு என்னத்தக் கண்ட சாமி?” என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த இடத்தில் வலி இருந்தால் சுளுக்கு என்று விட்டுவிடாமல் மறுபடியும் படம் எடுத்துப் பாருங்கள்.

கழுத்து அடிபட்டு யாராவது விழுந்தால் தூக்கி உட்கார வைக்கவே கூடாது. அப்படியே கிடக்கவிட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கூடப் பழகுகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பதினைந்து நாளுக்கு இரண்டு மணி நேரம்

எனக்குக் கோச் என்று அமைந்தவர் கோவையில் இருந்தார். கோபியிலிருந்து 80 கிலோமீட்டருக்குப் பக்கம். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம். முதல் சில தடவை போனதும் “புதுசா ஏதாவது சொல்லித்தாங்க சார்” என்பேன். அவரும் தருவார். ஊருக்கு வந்து பதினைந்து நாள் தப்புத்தப்பாகப் பழகிக்கொண்டு போய் நிற்பேன். தப்பை எடுக்கவே அடுத்த இரண்டு மணி நேரம் போய்விடும்.

அப்புறம் முறையை மாற்றினோம். வாரத்துக்கு இரண்டு வீடியோ எடுப்பேன். செல்போனை இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால் முட்டி மடங்குவது தெரியாது. ஸ்லோ மோஷனில் எடுத்து, மூன்று கேள்வி மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு வேலை கொடுப்பார். “தோளைத் திற, வேற எதையும் பாக்காத” என்பார். அடுத்த பதினைந்து நாளும் அதுதான். ஹாலில் இருக்கும் நேரத்தை ஊரில் செய்ய முடியாதவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்: உயரமான பார், ஸ்பிரிங் தரை, அவர் கை பிடித்துப் போடும் ஃபிளிக், அதாவது பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்.

பெண்களுக்குக் கொஞ்சம்

வீட்டில் முதல் கேள்வி உடையைப் பற்றித்தான் வரும். கணுக்கால் வரை மூடிய உடையில் போட்டியிட விதி அனுமதிக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி அணிப் பெண்கள் அப்படித்தான் இறங்கினார்கள். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டுங்கள், பாதிப் பேச்சு முடிந்துவிடும். உடைக்கு ஆன்லைனில் காசைக் கொட்ட வேண்டாம். லைக்ரா துணி திருப்பூரில் கிடைக்காமல் எங்கே கிடைக்கப்போகிறது? சாம்பிள் தைக்கும் டெய்லர் ஒருவர் போதும். நான்கு பக்கமும் இழுபடும் துணியாகக் கேட்டு வாங்குங்கள். வயது பற்றிப் பேச்சு வந்தால் உஸ்பெகிஸ்தான் ஜிம்னாஸ்ட் ஒக்சானா சுசோவிதினா பெயரைச் சொல்லலாம், டோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு 46.

பேர் கொடுப்பதும் போட்டி நாளும்

கல்லூரி திறந்த முதல் மாதமே பி.டி. சாரிடம் சொல்லிவிடுங்கள். நுழைவு படிவத்தைக் கல்லூரிதான் அனுப்ப வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆளே இல்லாத கல்லூரியில் அந்தச் சுற்றறிக்கை வந்ததுகூடத் தெரியாமல் கோப்புக்குள் போய்விடும். கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி பக்கத்துக் கலைக் கல்லூரிகளுக்குப் பாரதியார் பல்கலைக்கழகம், சேலம், நாமக்கல் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம், பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டி. அங்கே தேர்வாகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்கு, அணி அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு.

போட்டியன்று சீக்கிரம் போய்த் தரையை நடந்து பாருங்கள். ஒரே விரிப்பாக இருக்காது, பாய்களை அடுக்கியிருந்தால் இடுக்கு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ரவுண்ட் ஆஃபில் கை அங்கே போய் விழக்கூடாது. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் நடுவருக்குக் கை உயர்த்துவதை வீட்டிலேயே பழகுங்கள். மறந்துவிடுவது சர்வசாதாரணம். சாப்பாடு காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொள்ளு, கடலை எல்லாம் முந்தின நாள் வரைக்கும்தான்.

சான்றிதழைக் கையில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். அகில இந்தியப் போட்டி வரை போனால், வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கும் படிவம் 3-ஐயும் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். என் இனிஷியல் ‘கே.’ அதை ‘ஜே.’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஹேண்ட்ஸ்டேண்ட் நிற்க எனக்கு மூன்று மாதம் ஆனது, அந்த ஒரு எழுத்தை மாற்றப் பதினொரு மாதம்.